சென்னை வீட்டில் முதல் கடல்நீர் மீன்தொட்டி: எதிலிருந்து தொடங்குவது?

பெரம்பூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக நன்னீர் மீன் வளர்த்து வருகிறேன். கொளத்தூரில் வாங்கிய கப்பிகளில் தொடங்கி, இன்று செடி அடர்ந்த மூன்றடித் தொட்டியில் டெட்ராக்களும் கோரிடோராஸ்களும் நலமாக இருக்கின்றன. சென்ற ஆண்டு குடும்பத்துடன் ராமேசுவரம் போய்த் திரும்பும் வழியில், மண்டபத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் நின்றோம். பூவைப் போல் தோன்றும் கடல் உயிரியான கடற்சாமந்தியின் விரல்களுக்குள் ஒரு கோமாளி மீன் புகுந்து புரண்டு, வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போனது. என் மகள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, நானும் நகரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது.

2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் தொட்டி செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், நீல நிற டாங் மீன் ஒன்று, ஒரு கடற்சாமந்தி ஆகியவை போதும். விசாரித்த இடங்களில் ஒன்றுக்கொன்று முரணான பதில்களே கிடைத்தன. ஒரு கடைக்காரர், இன்று உப்பைக் கரைத்து ஊற்றினால் நாளையே மீன் விடலாம் என்றும், கடலிலிருந்து எடுத்த பவளக் கல் ஒன்றைத் தானே தருவதாகவும் சொன்னார். இன்னொருவர், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாமல் சென்னையில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். எங்கள் வீடு மாடி வீடு. தொட்டி வைக்க நினைத்திருக்கும் கூடம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது, அங்கே ஏசி இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு, 900-ஐத் தொடுகிறது, குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். மெரினாவிலிருந்து கடல்நீரையே கொண்டுவரலாமா, என் நன்னீர்த் தொட்டியின் பழகிய பஞ்சை வடிகட்டியில் போட்டால் மீன் விடும் முன் காத்திருக்கும் காலம் குறையுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நெய்தல் எழுதியது:

பெரம்பூரான் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது வெப்பம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். கடல்நீர்த் தொட்டி வைத்துச் சென்னையில் கைவிட்டவர்களில் எனக்குத் தெரிந்த பலரும் அதைக் கைவிட்டது ஏப்ரல், மே மாதங்களில்தான்.

நன்னீரைவிடக் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 6.7 மில்லிகிராம் அளவே தாங்கும். 30 டிகிரிக்குப் போனால் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் கூடக்கூட மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது, நீர் கொடுக்கக்கூடியதோ குறைகிறது. டெட்ராக்கள் 31 டிகிரியில் சில நாள் சமாளித்ததைப் பார்த்த கண்ணோடு இதை எடைபோட வேண்டாம். அதே சமயம், சில்லர் இல்லையேல் ஒன்றுமே முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் கோடையில் கடல்நீரே 30 டிகிரியைத் தாண்டுவதுண்டு. மேற்பரப்பை நன்றாகக் கலக்கிவிட்டால் கோமாளி மீன்கள் 28, 29 டிகிரியில் நலமாகவே இருக்கின்றன. அந்த வெப்பத்தில் திணறுபவை பவளங்களும் கடற்சாமந்திகளும்தான்.

ஆகவே, கண்ணாடி வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தொட்டி வைக்க நினைத்திருக்கும் அதே இடத்தில், நீங்கள் வாங்கப் போகும் சுற்றோட்ட மோட்டாரைப் போன்ற ஒன்றை ஓடவிட்டு, ஒரு பெரிய வாளி நிறையச் சாதாரணத் தண்ணீரைப் பத்து நாள் வைத்திருங்கள். காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு ஒரு சிறிய மின்விசிறியை நீரின் மேற்பரப்பைத் தொட்டு வீசும்படி வைத்து, அடுத்த சில நாள் அதே கணக்கை எழுதுங்கள். விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த நம் ஊரில் அது இரண்டு, மூன்று டிகிரி குறைத்தால் நல்லது என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சில்லர் வேண்டுமா என்பதைக் கடைக்காரரைவிட அந்த வாளி சரியாகச் சொல்லும்.

விசிறி வைத்தால் அதனுடன் சேர்ந்து வருவது உப்பின் கணக்கு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உங்கள் அளவுத் தொட்டியில் கொள்ளளவு 88 லிட்டர் அளவு வந்தாலும், விளிம்பு வரை நிரப்பாமல் கற்களையும் வைத்த பிறகு நிற்கும் நீர் 75 லிட்டர்தான் இருக்கும். அதில் ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஆறு லிட்டர் குறைந்திருந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 38-ஐத் தொட்டிருக்கும். அந்தக் குறைவை உப்பு நீரால் ஈடு செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும், உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் நீர்மட்டத்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நன்னீர்த் தொட்டியில் ஒரு வாரம் மறந்தால் செடிகள் மன்னித்துவிடும். இங்கே அந்தச் சலுகை இல்லை.

மீன்களைப் பற்றி: நீல டாங் வேண்டாம். கடையில் இரண்டு விரல் அகலத்தில் இருப்பது முழுதாக வளர்ந்தால் ஓரடியை எட்டும். திறந்த நீரில் ஓயாமல் நீந்தும் அந்த மீனுக்கு இரண்டடித் தொட்டி சிறை. கடற்சாமந்தியையும் குறைந்தது ஓர் ஆண்டுக்குத் தள்ளிப் போடுங்கள். அது வலுவான வெளிச்சத்தையும் நிலைத்த நீரையும் கேட்கும். இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய் மோட்டாரின் உறிஞ்சுவாயில் சிக்கும். சிறிய தொட்டியில் அது செத்து அழுகினால் ஒரே இரவில் மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். கடற்சாமந்தி இல்லாமலேயே கோமாளி மீன் ஆயுள் முழுவதும் நலமாக வாழும். மகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பழகிய பஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்னீரில் வளர்ந்த பாக்டீரியாக்கள் திடீரென்று கடல் உப்பில் விழுந்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும் என்பதால், அதை நம்பி நாளைக் குறைக்க முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் புதிதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.


முத்துநகர் எழுதியது:

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன், கடல்நீர்த் தொட்டி வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பவளக் கல் தருவதாகக் கடைக்காரர் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தயவுசெய்து அந்தக் கல்லை வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் இடம்பெற்றுள்ளன. கடல் குதிரை, கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. புலிக்கு உள்ள அதே அட்டவணைப் பாதுகாப்பு அந்தக் கல்லுக்கும் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் ‘லைவ் ராக்’ எனப்படும், உயிரிகள் குடியேறிய கடற்கல்லை வாங்கி அடுக்குவதைப் பார்த்துவிட்டு இங்கும் அதுதான் வழி என்று நினைக்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் கரையில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குசல்லித் தீவும், கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டித் தீவும் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டு ஒரு முக்கியக் காரணம். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது 21 தீவுகள் என்று எண்ணினோம். இன்று மேலே தெரிபவை 19 என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016 கோடையில் கடல் சூடேறி இங்குள்ள பவளங்கள் பரவலாக வெளுத்ததை நான் நேரில் பார்த்தேன். மிச்சம் இருப்பதிலிருந்து ஒரு கைப்பிடியைக்கூட நம் கூடத்து அழகுக்காக எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கல் செய்யும் வேலையை வேறு பொருளும் செய்யும். கல்லின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவைச் சிதைக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது பரப்பு மட்டுமே. நுண்துளை நிறைந்த செராமிக் கட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. சிலர் வெள்ளைச் சிமெண்டில் மணலும் கல்லுப்பும் கலந்து கல் வார்க்கிறார்கள். உப்பு கரைந்து போன இடங்கள் துளைகளாகிவிடும். அப்படிச் செய்தால், சிமெண்டின் காரம் வெளியேறும்வரை பல வாரம் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருந்து, பி.எச். இறங்கியதை அளந்து பார்த்த பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். அடியில் மணல் போடாமல் வெறும் கண்ணாடியாக விட்டுவிடுவது தொடக்கத்தில் நல்லது. அழுக்கு எங்கே சேருகிறது என்று கண்ணுக்குத் தெரியும், குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம்.

மெரினாத் தண்ணீரைப் பற்றி: நான் இங்கே இயற்கைக் கடல்நீரைத்தான் பயன்படுத்துகிறேன். கரையிலிருந்து தள்ளிப் படகில் போய் எடுத்து, வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரம் வைத்திருந்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்வேன். உங்களுக்கு அந்த வசதி இல்லை. மெரினாவின் ஒரு முனையில் கூவம் கலக்கிறது, தெற்கே அடையாறு கலக்கிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கரையோர நீரில் மழைநீர் கலந்து உப்பு வெகுவாக இறங்கிவிடும். ஆகையால் பொதியில் விற்கும் செயற்கைக் கடலுப்பையே வாங்குங்கள். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் தேவைப்படும். முதல் முறை நிரப்புவதற்கு மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். சமையல் உப்பு எந்த நிலையிலும் இதற்கு ஈடாகாது. அதில் இருப்பது சோடியம் குளோரைடு மட்டுமே, கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கின்றன, பி.எச். 8.2 அருகில் நிலைத்து நிற்பதற்குக் கார்பனேட்டுகளும் வேண்டும்.


வேளச்சேரி மீனகம் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதோடு உடன்படுகிறேன். விடுபட்ட இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலாவது, உங்கள் ஆர்.ஓ. இயந்திரம். குடிநீருக்கான இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத நீரில் ஒரு பகுதியைக் கலந்துவிடும் டிடிஎஸ் திருகு ஒன்று உண்டு. சிலவற்றில் தாது சேர்க்கும் குடுவையும் இருக்கும். குழாயில் வரும் நீரை மீட்டரில் அளந்து பாருங்கள். 80 அல்லது 100 காட்டினால் அந்தக் கலப்புதான் காரணம். இயந்திரத்துக்குள் நீரை வடிகட்டும் சவ்விலிருந்து நேராக வரும் நீரைத் தனியே பிடிக்கச் சொல்லி, இயந்திரத்தைப் பழுது பார்ப்பவரிடம் ஒரு தனிக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போகும் நீரின் டிடிஎஸ் 900 என்றால் சவ்விலிருந்து வருவது 40, 50 இருக்கலாம். அதை ஓர் அயனி நீக்கும் ரெசின் குடுவை வழியாக விட்டால் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். நாள்தோறும் ஆவியான அளவுக்கு ஊற்றும் நீர் இது என்பதால், அதில் உள்ள நைட்ரேட்டும் சிலிகேட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போய்ப் பாசியாக வந்து நிற்கும்.

இரண்டாவது, மின்சாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாள் இரவே நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் மோட்டார் ஒன்று கையில் இருந்ததால் என் இரண்டு மீன்களும் பிழைத்தன. அதுவும் போதாமல், நள்ளிரவில் ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த மோட்டாரை மீனுக்கு முன்பாகவே வாங்கி வையுங்கள். உப்பு நீர் தெறிக்கும் இடம் என்பதால் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் அந்த இணைப்பில் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் சற்றுத் தாழத் தொங்கும்படி விட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.


பெரம்பூரான் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பவளக் கல்லை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விலாங்குசல்லித் தீவின் கதையை என் மகளுக்கும் சொன்னேன்.

வாளிக் கணக்கு இதோ. கூடத்தில் ஆறு நாள் வைத்துப் பார்த்ததில் காலையில் 30.5 அளவிலும், மாலையில் 32.5-இலிருந்து 33 வரையிலும் இருந்தது. விசிறி வைத்தும் மாலையில் 30.5-க்குக் கீழே இறங்கவில்லை. மனம் சோர்ந்துபோனது. அப்போது அப்பாதான், கீழ்த்தளத்தில் தம்முடைய அறையில் வடக்குச் சுவரோரம் வைத்துப் பார் என்றார். வெயில் படாத அந்த மூலையில் விசிறி இல்லாமல் 29-இலிருந்து 30 வரையிலும், விசிறியுடன் 27.5-இலிருந்து 28.3 வரையிலும் நிற்கிறது. வாளியில் போட்ட மார்க்கர் கோட்டுக்குக் கீழே ஒரு நாளில் முக்கால் லிட்டர் அளவு குறைகிறது. தொட்டியின் பரப்பு இன்னும் அகலம் என்பதால் அங்கே ஒன்றேகால் லிட்டர் ஆகலாம் என்று எண்ணுகிறேன். தினமும் நீர் ஊற்றும் பொறுப்பை அப்பாவே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆர்.ஓ. குழாயில் 85 காட்டியது. திருகை அடைத்த பிறகு 46.

பாக்டீரியாக்களை வளர்க்கும் அந்த ஆறு வாரத்தில் நான் அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்று சற்று விரிவாகச் சொல்ல இயலுமா? தொடக்கத்துக்கு டாம்சல் மீன் இரண்டைப் போட்டால் அவை அம்மோனியாவைத் தரும் என்று ஒருவர் சொன்னார்.


நெய்தல் எழுதியது:

உங்கள் தொட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

டாம்சல் வேண்டாம். அம்மோனியா அந்த மீனின் செவுள்களைச் சுடும், கடல்நீரின் பி.எச். 8.2-ஆக இருப்பதால், நச்சாக மாறும் அம்மோனியாவின் பங்கு உங்கள் நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். பிழைத்துக்கொண்ட டாம்சலோ தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வரும் கோமாளி மீன்களை விரட்டிக் கடிக்கும். கற்களை அகற்றாமல் அதை வலையில் பிடிப்பதும் கடினம்.

உப்பைத் தனி டிரம்மில் கரைத்து, மோட்டார் ஓடவிட்டு ஒரு நாள் கழித்து, உப்பின் அளவைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் அளந்து தொட்டியில் ஊற்றுங்கள். அந்தக் கருவியை வெறும் நீரில் பூஜ்ஜியத்துக்குத் திருகினால் போதாது. 35 பங்கு உப்புள்ள அளவைக் கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சரிபாருங்கள். பிறகு ஒரு துண்டு இறாலைச் சிறு துணிப்பையில் கட்டி நீரில் தொங்கவிடலாம். அல்லது கடையில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை, சோதனையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும் அளவுக்கு விடலாம். எனக்குப் பின்னதே பிடிக்கும். நாற்றம் இல்லை, அளவும் தெரியும். இரண்டு நாளுக்கொரு முறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து எழுதி வையுங்கள். முதல் பத்து, பதினைந்து நாள் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு பாக்டீரியாக்கள் சிதைக்கச் சிதைக்க அம்மோனியா இறங்கும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் ஏறும். அதன் பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தெரியத் தொடங்கும். அம்மோனியாவை 2 வரை ஏற்றிய மறுநாளே இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். பெருமளவு நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடலாம். இந்த வாரங்களில் விளக்கைப் போட வேண்டிய தேவையே இல்லை.


பெரம்பூரான் எழுதியது:

நீர் ஊற்றி இன்று 39-ஆம் நாள். அம்மோனியாச் சோதனைக் குழாய் முதல் மூன்று வாரமும், அம்மோனியா இருப்பதைக் காட்டும் பச்சையாகவே இருந்தது. 24-ஆம் நாள் காலையில் அப்பா அதை வெள்ளைத் தாளின் முன் பிடித்து, மஞ்சள் தட்டுகிறது பார் என்று மாடிக்குக் குரல் கொடுத்தார். நேற்று 2 வரை ஏற்றினேன். இன்று அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை. கண்ணாடியிலும் கட்டிகளிலும் பழுப்பு நிறப் பொடி ஒன்று படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் போய்விடுகிறது. அதற்கு மருந்து ஏதேனும் போட வேண்டுமா? மீன் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?


முத்துநகர் எழுதியது:

அந்தப் பொடி டயட்டம் பாசி; புதிய தொட்டியில் வரும், நீரில் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் தானே போகும். மருந்து எதையும் ஊற்றாதீர்கள். குறிப்பாகச் செம்பு கலந்த மருந்து இந்தத் தொட்டிக்குள் ஒருபோதும் போகக் கூடாது. பிற்காலத்தில் நீங்கள் விட நினைக்கும் இறாலையும் நத்தையையும் அது கொன்றுவிடும்.

மீனைப் பொறுத்தவரை, பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீனை வளர்ப்பிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் நாட்டில் நிலைநிறுத்தியிருக்கின்றன. ஆகவே கடலிலிருந்து எடுத்த மீனை வாங்க வேண்டிய நிலை இன்று இல்லை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், உங்கள் கண்முன் உலர்ந்த குருணைத் தீனி போடச் சொல்லுங்கள். பொரிப்பகத்து மீன் பாய்ந்து வந்து தின்னும். கடலில் பிடித்த மீன் பெரும்பாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. மூச்சு வேகமாக வாங்குகிறதா, உடலில் உப்புத் தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

இரண்டையும் ஒரே நாளில், ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் பார்த்து வாங்குங்கள். எல்லாக் கோமாளி மீன்களும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. இணையில் வலியது பெண்ணாக மாறும். அளவில் வேறுபாடு இருந்தால் அந்தத் தீர்ப்பு சண்டையில்லாமல் முடியும். தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ நான்கு வாரம் வைத்துக் கவனித்த பிறகு அப்பாவின் அறைக்கு மாற்றுங்கள். அங்கே போன முதல் நாள் விளக்கை அணைத்தே வையுங்கள். மீன்கள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் அஞ்ச வேண்டாம், இரண்டாம் மூன்றாம் நாள் வெளியே வரும். தீனி ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை எட்டு லிட்டர் நீரை மாற்றுங்கள். அதற்கான உப்பு நீரை முந்தைய நாளே கரைத்து, தொட்டியின் அதே அறையில் வைத்திருந்தால் வெப்பமும் ஒத்துப்போகும்.